பென்சில் செல், டார்ச் செல், சோலார் விளக்கு செல் மூன்றுக்கும் ஒரே சார்ஜர் போதுமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மறுபடி சார்ஜ் செய்து பயன்படுத்தும் செல்கள் பல வகையாகச் சேர்ந்துவிட்டன. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கம்பியில்லா மவுஸ், பிள்ளைகளின் பொம்மைகள் ஆகியவற்றுக்காக வாங்கிய ஏஏ, ஏஏஏ அளவிலான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் ஒரு பக்கம். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் வயலுக்குப் போய் மோட்டார் போட வேண்டியிருப்பதால், தலையில் மாட்டும் டார்ச் ஒன்றும் கையில் பிடிக்கும் டார்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் 18650 (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம்) அளவிலான லித்தியம் அயன் செல்தான். இவை போக, வாசலிலும் மாட்டுக்கொட்டகையிலும் சோலார் விளக்குகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் முகமே காட்டாத வாரங்களில் அவை அணைந்துவிடுவதால், உள்ளே இருக்கும் செல்லைக் கழற்றி வெளியில் சார்ஜ் செய்து போடலாம் என்று நினைக்கிறேன். அதுவும் பார்வைக்கு அசல் 18650 போலவே இருக்கிறது, ஆனால் மேலே 3.2 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பவை, டார்ச்சோடு சேர்ந்து வந்த ஒற்றை ஸ்லாட் சார்ஜரும், பென்சில் செல்களை இரண்டிரண்டாகப் போட்டு இரவு முழுவதும் விட்டுவைக்கும் பழைய சார்ஜரும்தான். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ‘எல்லா வகை செல்களுக்கும்’ என்று விளம்பரப்படுத்தப்படும் நான்கு ஸ்லாட், திரையுள்ள சார்ஜர் ஒன்றை வாங்க விரும்புகிறேன். செல்லின் வகையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்கிறார்களே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? 300 முதல் 1000 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றால், எந்தச் செல்லுக்கு எதை வைப்பது? யூஎஸ்பியில் ஓடும் சார்ஜர் நல்லதா, 12 வோல்ட் அடாப்டரோடு வருவது நல்லதா? எங்கள் ஊரில் மின்வெட்டு அடிக்கடி உண்டு என்பதையும் கணக்கில் கொண்டு சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஈயப்பற்று எழுதியது:

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த 3.2 வோல்ட் செல்தான் முதலில் கவனிக்க வேண்டியது. சார்ஜர் தேர்வு முழுவதும் அதைப் பொறுத்தே அமையும்.

சார்ஜருக்குச் செல்லின் வேதியியல் தெரியாது. செல்லை உள்ளே வைத்தவுடன் அதன் முனைகளில் உள்ள மின்னழுத்தத்தை அளந்து, ஏறத்தாழ 2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிக்கல் என்றும், மேலே இருந்தால் லித்தியம் என்றும் அது முடிவு செய்துகொள்கிறது. நிக்கல் செல் முழுதாக நிறைந்திருந்தாலும் ஓய்வில் 1.4 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். லித்தியம் அயன் செல்லோ தீர்ந்த நிலையிலும் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாதது. ஆகவே இந்த இரண்டையும் பிரித்தறிவதில் தவறு நேர்வது அரிது. ஆனால் 3.2 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதால், உங்கள் சோலார் விளக்கில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 3.3 வோல்ட் காட்டும் ஒரு செல், பெரும்பகுதி நிறைந்த இரும்பு பாஸ்பேட்டாகவும் இருக்கலாம், ஏறக்குறையத் தீர்ந்துபோன சாதாரண லித்தியம் அயனாகவும் இருக்கலாம். அளவும் ஒன்று, உருவமும் ஒன்று, மின்னழுத்தமும் ஒன்று என்கிறபோது எந்தச் சார்ஜராலும் அளந்து மட்டும் வேறுபாடு காண முடியாது. தானியங்கிச் சார்ஜர்கள் பெரும்பாலும் அதைச் சாதாரண லித்தியம் அயன் என்றே எடுத்துக்கொண்டு 4.2 வோல்ட் வரை ஏற்றும். அந்தச் செல்லோ 3.65 வோல்ட்டில் நிறுத்தப்பட வேண்டியது. உடனே தீப்பிடித்துவிடும் என்று நான் அச்சுறுத்தவில்லை. இரும்பு பாஸ்பேட் ஒப்பளவில் சாதுவான வேதியியல்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறி ஏற்றினால் உள்ளே மின்பகுபொருள் சிதைந்து, வாயு உண்டாகி, செல் விரைவில் பயனற்றுப் போகும். மாறாக, டார்ச் செல்லைத் தவறுதலாக 3.2 வோல்ட் நிலையில் வைத்துவிட்டால் ஆபத்தில்லை. கொள்ளளவில் சிறு பகுதி மட்டும் ஏறி நின்றுவிடும், நீங்கள் வயல் நடுவில் இருளில் நிற்பீர்கள், அவ்வளவே.

எனவே, செல்லின் வகையை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி, அதுவும் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனித்தனியாக, இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் அதிகம் விற்கும் லிட்டோகாலா லிஐ-500 போன்றவை நிக்கலையும் 4.2 வோல்ட் லித்தியம் அயனையும் நன்றாகவே கையாளும், ஆனால் இரும்பு பாஸ்பேட்டுக்கு அதில் இடமில்லை. ஓபஸ் பிடி-சி3100இல் இறுதி மின்னழுத்தத்தை மாற்றும் சிறு சுவிட்ச் உண்டு. ஆனால் அது உள்ளே இருக்கிறது, மாற்றினால் எல்லா ஸ்லாட்டுக்கும் சேர்த்தே மாறும், ஆகவே வீட்டில் பலர் கையாளும் சார்ஜருக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது. ஸ்கைஆர்சி எம்சி3000 ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி வேதியியலையும் இறுதி மின்னழுத்தத்தையும் அமைக்க விடும், ஆனால் வீட்டுப் பயன்பாட்டுக்கு அது விலை கூடியது, பழகவும் நாளாகும். நடுத்தர விலையில் வெளிப்புறப் பொத்தானால் 3.2 வோல்ட்டைத் தேர்ந்தெடுக்கும் சார்ஜர்கள் இருக்கின்றன. விளம்பரப் படத்தை நம்பாமல், பயனர் கையேட்டைத் தரவிறக்கி, ‘3.65’ என்ற எண் அதில் எங்காவது வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால், பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் அது உங்கள் சோலார் செல்லுக்கானது அன்று.

இன்னொன்று. 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிப்போன லித்தியம் அயன் செல்லை, பழைய மடிக்கணினி பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்தவற்றில் இப்படிப்பட்டவை நிறையக் கிடைக்கும், சார்ஜர் நிக்கல் என்று கருதிவிடக்கூடும். சில சார்ஜர்கள் அதை ‘உயிர்ப்பிப்பதாக’வும் பெருமையடிக்கின்றன. அவ்வளவு ஆழமாக இறங்கிய செல்லுக்குள் செம்புத் தகடு கரைந்திருக்கக்கூடும். மறுபடி ஏற்றும்போது அந்தச் செம்பு உள்ளேயே படிந்து மின் குறுக்கிணைப்பை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கலாம். அதைக் கழித்துவிடுவதே முறை.

மின்னோட்டத்தைப் பொறுத்தவரை, வேகம் கூடினால் செல் கெடும் என்ற பொதுவான எண்ணம் நிக்கலுக்கு முழுதாகப் பொருந்தாது. நிக்கல் செல் நிறைந்ததும் உள்ளே ஆக்சிஜன் உண்டாகி, அது மறுபடி சேரும்போது வெப்பம் எழுகிறது. அந்த வெப்பத்தால் மின்னழுத்தம் செல்லுக்குச் சில மில்லி வோல்ட் அளவே சரிகிறது. அந்தச் சிறு சரிவைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்துகிறது. மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் சரிவு தெளிவாகத் தெரியாமல், சார்ஜர் அதைத் தவறவிட்டு ஏற்றிக்கொண்டே போகும். 2000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள ஏஏ செல்லுக்கு 700 முதல் 1000 மில்லி ஆம்பியரும், 800 அளவுள்ள ஏஏஏ செல்லுக்கு 300 முதல் 500 வரையும் வைப்பது நல்லது. லித்தியத்தில் இந்தச் சிக்கலே இல்லை. முதலில் ஒரே மின்னோட்டம், பிறகு 4.2 வோல்ட்டில் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தி மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போவது என்ற முறையில் ஏறுவதால், அதற்குக் குறைந்த மின்னோட்டமும் தீங்கன்று. 2500 முதல் 3500 வரை கொள்ளளவுள்ள 18650 செல்லுக்கு 1000 போதும். சோலார் விளக்கு செல்லின் கொள்ளளவு வழக்கமாக அதைவிடக் குறைவு என்பதால் 500 வையுங்கள்.

மதுரை நிழற்படம் எழுதியது:

ஈயப்பற்று ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் ஒரே சார்ஜர் என்ற இலக்கையே நான் கேள்வி கேட்பேன். திருமணங்களுக்குப் படம் எடுப்பவள் என்பதால், ஃபிளாஷ் விளக்குகளுக்காக ஏஏ நிக்கல் செல்களை நான்கு நான்காக நாள்தோறும் சார்ஜ் செய்கிறேன். பல வேதியியல் சார்ஜர்களில் நிக்கல் பகுதி பெரும்பாலும் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. சில, சரிவுக்குக் காத்திராமல் ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் வந்ததும் நிறுத்திவிடுகின்றன, செல் முழுதாக நிறைவதில்லை. வேறு சில, செல் கையைச் சுடும் அளவுக்கு ஏற்றிய பிறகே நிறுத்துகின்றன. நிக்கலுக்கென்றே வடிவமைக்கப்பட்டு, ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனிக்கும் சார்ஜர், உதாரணமாக எனலூப் என்ற பெயரில் விற்கும் நிக்கல் செல்களுக்கான பிகியூ-சிசி17, திரையும் பொத்தானும் இல்லாமல் இந்த வேலையை அமைதியாகச் செய்துவிடும். அதோடு 3.65, 4.2 இரண்டையும் தேர்ந்தெடுக்கக்கூடிய இரண்டு ஸ்லாட் லித்தியம் சார்ஜர் ஒன்றை வாங்கினால், இரண்டும் சேர்ந்தே ஒரு பெரிய சார்ஜரின் விலைக்குள் முடிந்துவிடலாம். வீட்டில் யார் எடுத்தாலும் பென்சில் செல் இதில், டார்ச் செல் அதில் என்று குழப்பமின்றிப் பழகிவிடுவார்கள்.

உங்கள் பழைய சார்ஜரை மட்டும் எப்படியும் ஒதுக்கிவிடுங்கள். இரண்டிரண்டாக ஏற்றும் சார்ஜர், இணையில் ஒன்று பாதி நிறைந்தும் மற்றது காலியாகவும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே அளவு மின்சாரத்தைத் தள்ளும். ஒன்று வெந்துபோகும், மற்றது நிறையாது. இரத்த அழுத்தக் கருவியில் நான்கு செல்கள் தொடராக இருப்பதால், ஒன்று மட்டும் முன்னதாகத் தீர்ந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதை எதிர்த்திசையில் தள்ளி, மீள முடியாதபடி கெடுத்துவிடும். கொள்ளளவை அளக்கும் வசதி திரையுள்ள சார்ஜர்களின் உண்மையான பயன் என்று நான் கருதுவது இதனால்தான். செல்லை முழுதாக ஏற்றி, இறக்கி, எவ்வளவு கொடுத்தது என்று பார்த்து, ஏறத்தாழ ஒரே அளவுள்ளவற்றை ஒரு தொகுதியாக எண்ணிட்டு வைத்துக்கொள்ளலாம். அதை ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். அதற்காகவே ஒரு சார்ஜர் வாங்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சார்ஜர் திரை காட்டும் உள் மின்தடை எண்ணை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே செல்லைக் கழற்றி மறுபடி வைத்தால், முனை படும் விதத்தைப் பொறுத்தே எண் மாறும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. சகோதரி சொல்வதுபோல் இரண்டு சார்ஜராகப் பிரித்துக்கொள்வதுதான் அம்மாவுக்கும் எளிதாக இருக்கும் என்று தோன்றுகிறது. இரண்டு சந்தேகங்கள் மீதமிருக்கின்றன. இரத்த அழுத்தக் கருவி, நிக்கல் செல் போட்டால் சில நாட்களிலேயே பேட்டரி குறைவு என்று காட்டுகிறது. கடைக்காரர், ஏஏ அளவிலேயே 1.5 வோல்ட் லித்தியம் செல் வந்திருக்கிறது, அதை வாங்குங்கள் என்கிறார். அதையும் இந்தச் சார்ஜரிலேயே போடலாமா? மின்வெட்டு பற்றிய கேள்விக்கும் அடாப்டர் பற்றிய கேள்விக்கும் இன்னும் விடை வரவில்லை.

சிற்றலை நேயர் எழுதியது:

1.5 வோல்ட் லித்தியம் என்ற பெயரில் முற்றிலும் வேறுபட்ட இரண்டு பொருள்கள் விற்கின்றன. கடைக்காரர் எதைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லித்தியம் இரும்பு டைசல்பைடு செல். அதை எந்தச் சார்ஜரிலும் போடக் கூடாது. மற்றொன்று, உள்ளே 3.7 வோல்ட் லித்தியம் அயன் செல்லையும், அதை 1.5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் சிறு மின்சுற்றையும் அடக்கியது. இந்த இரண்டாவது வகையைச் சார்ஜ் செய்ய 5 வோல்ட் தேவை. அதனால்தான் பலவற்றின் பக்கவாட்டிலேயே யூஎஸ்பி துளை வைத்திருக்கிறார்கள், அல்லது அதற்கென்றே ஒரு சார்ஜரைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து அளந்தால் 1.5 வோல்ட் காட்டுவதால் சாதாரணப் பல வேதியியல் சார்ஜர் அதை நிக்கல் என்று நினைக்கும், ஏற்றாது, அல்லது பழுது என்று காட்டும். இந்த வகையையும் ஏற்கும் சார்ஜர்கள் இப்போது வந்திருக்கின்றன, ஆனால் கையேட்டில் வெளிப்படையாக அப்படிச் சொல்லியிருந்தால் மட்டுமே போட வேண்டும்.

இவற்றின் கொள்ளளவைப் பெரும்பாலும் மில்லி வாட்-மணியில் அச்சிடுகிறார்கள் என்பதால் எண் பெரிதாகத் தெரியும். 3000 என்று போட்டிருந்தால் 1.5ஆல் வகுத்துப் பாருங்கள், 2000 மில்லி ஆம்பியர்-மணிதான். 2000 அளவுள்ள நல்ல நிக்கல் செல்லில் 1.2 வோல்ட் கணக்கில் 2400 மில்லி வாட்-மணி இருக்கிறது. லாபம் இருக்கிறது, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. மேலும் தீரும் கணம் வரை 1.5 வோல்ட்டை அப்படியே கொடுத்துவிட்டுத் திடீரென்று நின்றுவிடுவதால், கருவியின் பேட்டரி எச்சரிக்கை முன்கூட்டி எதையும் சொல்லாது. வானொலி கேட்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: உள்ளே இருக்கும் மின்சுற்று மத்திய அலையிலும் சிற்றலையிலும் இரைச்சலைக் கிளப்பும். என் வானொலிப் பெட்டிகளில் நிக்கல் செல்தான் ஓடுகிறது.

கருவி குறைவு என்று காட்டுவதற்கு நிக்கலின் 1.2 வோல்ட்டே காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சாதாரண ஆல்கலைன் செல்லும் 1.5இல் தொடங்கி, தீர்வதற்குள் 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்குவதுதான், வழியில் பெரும்பகுதி நேரம் 1.2ஐ ஒட்டியே இருக்கும். கருவியை வடிவமைத்தவர்களும் அதை அறிவார்கள். பழைய வகை நிக்கல் செல்கள் பயன்படுத்தாமல் வைத்தாலே சில வாரங்களில் தம் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழந்துவிடும். 2005இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்த, தானாகத் தீர்வது குறைந்த வகைதான் இந்தக் குறையைத் தீர்த்தது. இன்று வேறு பல நிறுவனங்களும் அந்த வகையைச் செய்கின்றன. எப்போதோ ஒருமுறை எடுக்கும் கருவிக்கு அந்த வகையை வாங்குங்கள். 2700, 2800 என்று எண்ணைக் கூட்டிப் போட்டிருப்பவற்றைவிட 2000 என்று நேர்மையாகப் போட்டிருப்பவை வீட்டுக்கு நீண்ட நாள் உழைக்கும். சுவர்க் கடிகாரத்துக்கும் தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் இந்தச் செலவே வேண்டாம், கடையில் கிடைக்கும் சாதாரண செல் போதும்.

ஈயப்பற்று எழுதியது:

மீதமிருந்த கேள்விகளுக்கு வருகிறேன். அடாப்டர் விஷயத்தில் ஒரு பெருக்கல் கணக்குப் போட்டாலே விடை தெரிந்துவிடும். நான்கு ஸ்லாட்டிலும் 18650 வைத்து ஒவ்வொன்றுக்கும் 1 ஆம்பியர் கொடுக்க வேண்டுமென்றால், 4.2 வோல்ட்டில் அது 16.8 வாட். 5 வோல்ட், 2 ஆம்பியர் யூஎஸ்பி அடாப்டர் தருவது 10 வாட் மட்டுமே, அதிலும் ஒரு பகுதி சார்ஜருக்குள் வெப்பமாகப் போகும். ஆகவே இத்தகைய யூஎஸ்பி சார்ஜர்கள் பெரும்பாலும் நான்கு செல் போட்டதும் மின்னோட்டத்தைத் தாமாகவே பாதியாகக் குறைத்துக்கொள்ளும். இரண்டு ஸ்லாட் லித்தியம் சார்ஜர் என்றால் யூஎஸ்பியே போதும், கைபேசியின் நல்ல அடாப்டரில் ஓட்டலாம். நான்கு ஸ்லாட் என்றால் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரோடு வருவதே சரி. அந்த அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். லித்தியம் செல்களிலும் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணோடு அதே வகைப் பதிவு எண் இருக்கும். இரண்டையும் அமைவனத்தின் கைபேசிச் செயலியில் இட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650 செல்களை அந்தச் சோதனைக்குக்கூட எடுத்துப்போக வேண்டியதில்லை. நல்ல நிறுவனங்களின் 18650 செல்களே பொதுவாக 3500 அளவில்தான் நிற்கின்றன.

மின்வெட்டு பற்றி விளம்பரங்கள் வாயே திறப்பதில்லை, ஆனால் நம் ஊர்களுக்கு இது முக்கியம். மின்சாரம் போய் வந்ததும் பல சார்ஜர்கள் நீங்கள் வைத்த மின்னோட்டத்தை மறந்து தம் இயல்பான அளவுக்குத் திரும்பிவிடும். சில, பொத்தானால் தேர்ந்தெடுத்த வேதியியலையும் மறந்து 4.2 வோல்ட்டுக்கே போய்விடும். உங்கள் சோலார் செல்லுக்கு அது நேரடித் தீங்கு. எனவே சுவிட்சாக நகர்த்தி வைக்கும் வகை, அல்லது கடைசித் தேர்வை நினைவில் வைத்திருக்கும் என்று கையேடு உறுதி சொல்லும் வகை இரண்டில் ஒன்றைத் தேடுங்கள். நிக்கலில் வேறொரு சிக்கல். சார்ஜ் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் மின்னழுத்தம் இயல்பாகவே ஏறி இறங்கும் என்பதால், அந்த நேரத்தில் வரும் சரிவைச் சார்ஜர் பொருட்படுத்தாது. ஏறக்குறைய நிறைந்த செல்லின் மேல் மின்சாரம் இரண்டு மூன்று முறை போய்ப் போய் வந்தால், ஒவ்வொரு முறையும் அந்தச் சில நிமிடங்கள் வீண் வெப்பமாகச் சேரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் சார்ஜரை அந்த இணைப்பில் மாட்டிவிடுங்கள், அது இழுக்கும் மின்சாரம் ஒரு சிறு விளக்கின் அளவுதான்.

வாங்குமுன் உங்கள் டார்ச் செல்லின் நீளத்தையும் அளந்து பாருங்கள். பெயரில் 65 மில்லிமீட்டர் என்று இருந்தாலும், பாதுகாப்பு மின்சுற்றோடு வரும் செல்கள் 68 முதல் 70 மில்லிமீட்டர் வரை இருக்கும், சில சார்ஜர்களின் ஸ்லாட்டில் அவை இறங்கவே இறங்காது. சார்ஜர் கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், ஒரு மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்: டார்ச் செல்லை முழுதாக ஏற்றி, சார்ஜரிலிருந்து எடுத்த உடனே அளந்தால் 4.15க்கும் 4.2க்கும் இடையில் இருக்க வேண்டும். சோலார் செல்லை ஏற்றும்போது ஸ்லாட்டில் இருக்கையிலேயே அளந்தால் 3.65ஐத் தாண்டக் கூடாது. டார்ச் செல் 4.25க்கு மேல் காட்டினாலோ, சோலார் செல் 3.7ஐக் கடந்து ஏறிக்கொண்டே போனாலோ, உடனே கழற்றிவிட்டுச் சார்ஜரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.